இழவு வீட்டில் அழாதவர்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சாவு விழுந்தால் அழுகைக்கென்று ஒரு முறை உண்டு. வெளியூரிலிருந்து வரும் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் வருவார்கள். தெருமுனை திரும்பியதும் கொண்டையை அவிழ்த்து, மார்பில் அடித்துக்கொண்டு, குரலெடுத்துப் பாடியபடி பந்தலுக்குள் நுழைவார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் கையை நீட்டி இழுத்துத் தங்கள் வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வார்கள். தலையோடு தலை முட்ட, ஒருத்தி மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருத்தி எடுத்துக்கொடுக்க, ஒப்பாரி நீளும். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்ப எடுக்கிறாங்க? பெரியவன் வந்துட்டானா?" என்று பக்கத்தில் கேட்பார்கள். தெருமுனையில் அடுத்த குரல் கேட்டதும் மறுபடி வட்டம் கூடும்.

வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் சிலர் இதை நடிப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாய்மாமன் வீட்டார் கோடி கொண்டுவர வேண்டும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும், மகன் கொள்ளிக்குடம் சுமக்க வேண்டும், பெண்கள் அழ வேண்டும். செத்தவருக்கும் இருப்பவருக்கும் செலுத்த வேண்டிய கடன்களில் கண்ணீரும் ஒன்று. யார் வந்தார்கள், யார் அழுதார்கள் என்பது மொய் நோட்டில் எழுதாமலே ஊர் மனதில் பதிவாகிவிடும்.

இந்த முறைக்குள் அடங்காத ஒருவர் அநேகமாக எல்லா இழவு வீட்டிலும் இருக்கிறார். ஃப்ரீசர் பெட்டிக்கு ஆள் அனுப்பியவர் அவர்தான். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தது, மேளக்காரர்களுக்கு டீ சொன்னது, சுடுகாட்டுப் பாதையில் முள் வெட்டச் சொன்னது எல்லாம் அவரே. ஆனால் தலைமாட்டில் வந்து நிற்கும்போது முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. "பெத்த தாய் கெடக்கறா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சு கருமாதியோடு முடியாது. பத்து வருடம் கழித்துப் பாகப்பிரிவினைச் சண்டையிலும் அதை எடுத்துப் போடுவார்கள். அவர் மருமகளாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மாமியாருக்கு அழாத மருமகளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல ஊருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த மனிதரைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அவருக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்ற தீர்ப்பு எவ்வளவு சுலபமாக எழுதப்படுகிறது, எவ்வளவு அடிக்கடி தவறாகிப் போகிறது என்பதுதான் என் கவலை.

மருத்துவம் இவரைக் கவனிக்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் சிஃப்னியோஸ், ஜான் நெமியா என்ற இரு மனநல மருத்துவர்கள், வயிற்றுப் புண், குடல் அழற்சி போன்ற உடல் நோய்களோடு வந்தவர்களிடம் பேசிப் பார்த்தார்கள். அவர்களில் பலரிடம் ஒரு பொது இயல்பு இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டால் நிகழ்ச்சிகளை வரிசை மாறாமல் நுணுக்கமாகச் சொன்னார்கள். அப்போது மனசுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் திகைத்தார்கள், அல்லது உடம்பில் எங்கே வலித்தது என்றார்கள். 1973இல் சிஃப்னியோஸ் இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயரிட்டார். இது நோயின் பெயர் அல்ல. ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருக்கும் ஒரு குணக்கூறு.

1994இல் கனடாவின் டொரான்டோவில் பாக்பி, பார்க்கர், டெய்லர் மூவரும் அதை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைச் செப்பம் செய்தார்கள். இன்று உலகெங்கும் பயன்படுவது அதுதான். 61 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் இந்த இயல்பு உண்டு என்று கொள்கிறார்கள். தனக்குள் எழுவது கோபமா பயமா துக்கமா என்று இனம்காண முடியாமை, இனம்கண்டதைச் சொல்ல முடியாமை, எண்ணம் எப்போதும் வெளி நடப்பிலேயே இருப்பது என்று மூன்று இழைகளை அது பிரித்து அளக்கிறது. பின்லாந்தில் 1999இல் வெளியான ஆய்வொன்றில் பொதுமக்களில் 13 விழுக்காட்டினரிடம் இந்த இயல்பு காணப்பட்டது. ஆண்களில் 17, பெண்களில் 10. நம் ஊர்க்கணக்கு அதேபோல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதில் பாதி என்று வைத்தாலும் ஒவ்வொரு தெருவிலும் சிலர் இருப்பார்கள்.

இழவு வீட்டில் முகம் அசையாமல் நிற்பவர் எல்லோரும் இந்த வகையினர் அல்லர். பார்கின்சன் நோய் வந்தவரின் முகத் தசைகள் இறுகி முகமூடிபோல் ஆகிவிடும். உள்ளுக்குள் அவர் உருகிக்கொண்டிருப்பார். மனச்சிதைவு நோயில் முகமும் குரலும் மங்கிப்போவது நோயின் அறிகுறியாகவே பாடநூல்களில் இருக்கிறது. கடுமையான மனச்சோர்வில் அழுகை வற்றிப் போவதும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உணர்ச்சி இருக்கிறது, ஆனால் அது வெளிப்படும் விதம் மற்றவர்கள் பழகிய விதமாக இருப்பதில்லை. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அலெக்ஸிதைமியாவும் இருப்பதாகச் சொன்னது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களிடம் அது 5 விழுக்காடுதான். மீதிப் பாதிப்பேருக்குத் தம் உணர்வு என்னவென்று தமக்குத் தெரியும் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. உணர்வு இல்லாமை, உணர்வு தெரியாமை, உணர்வு காட்டாமை மூன்றும் வேறு வேறு. ஊர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறது.

ஊரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரியும் என்ற நம்பிக்கை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. நகை, அழுகை தொடங்கி எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள். உள்ளத்து நிகழ்ச்சி புறத்தே நிற்பவருக்குப் புலப்படும்படி வெளிப்படுவதே மெய்ப்பாடு என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். அழுகைக்குச் சொன்ன நான்கு நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதும், இழப்பதும், பழைய நிலை கெடுவதும், இல்லாமையும் அழுகை பிறக்கும் இடங்கள். இழவு அவற்றில் ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பந்தலில் அழுபவர் இழந்ததற்காக மட்டும் அழுவதில்லை என்று இலக்கணம் அறிந்தே இருந்தது.

இதையே இந்த வட்டாரத்தில் தங்கிப் பார்த்தவர் இசபெல் கிளார்க்-தெசே என்ற மானுடவியலாளர். விழுப்புரம் மாவட்டம் 1993இல் பிரிவதற்கு முன்பிருந்த தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் சடங்குகளை ஆராய்ந்தவர். தமிழ் இறப்புப் பாடல்கள் பற்றிய அவருடைய நூல் 2005இல் வெளியானது. செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதையே நூலின் தலைப்பாக வைத்தார். பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், ஆண்கள் குடிக்கிறார்கள், பறையடிப்பவர்கள் பாடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் சாதியாலும் பிறப்பாலும் வாழ்க்கையாலும் பட்டதைத்தான் அங்கே வெளிப்படுத்துகிறார்கள் என்பது அவர் வாதம். செத்துக் கிடப்பவர் அதற்கு ஒரு சந்தர்ப்பம். தலைப்பு கொஞ்சம் மிகை என்பது என் கருத்து. தன் வாழ்க்கைக்காக அழுபவள் செத்தவருக்காகவும் சேர்த்து அழமுடியும். ஆனால் அவர் காட்டிய அடிப்படை உண்மையானது. சாவு வீட்டுக் கண்ணீரை வைத்து யார் செத்தவரை எவ்வளவு நேசித்தார் என்று அளக்க முடியாது. அப்படியானால் கண்ணீர் இல்லாததை வைத்தும் அளக்க முடியாது.

கூவாகத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. சித்திரைப் பௌர்ணமிக்கு முன்பே விழுப்புரம் நகரத்து லாட்ஜுகள் திருநங்கைகளால் நிறைந்துவிடும். கூத்தாண்டவர் கோயிலில் அரவானைக் கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் சுற்றி வந்து அரவான் பலியானதும், பந்தலடியில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். வீடு துரத்தியபோது அழ இடம் கிடைக்காதவர்களும் தாய் செத்த செய்தி கேட்டு ஊருக்குள் போக முடியாமல் திரும்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அரவானுக்காக மாரடித்துக்கொள்ளும் ஒருத்தியைப் பார்த்து, உண்மையில் நீ யாருக்காக அழுகிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சடங்கின் பெரிய கருணை அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பதற்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. உடம்பைக் கொடுத்தால் போதும்.

திரௌபதி அம்மன் திருவிழாக்களிலும் இதைப் பார்க்கலாம். திண்டிவனம், செஞ்சிப் பக்கம் பாரதக் கூத்து பல இரவுகள் நடந்து, கடைசியில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் கொடியவன் என்று பதினைந்து நாளாகக் கதை கேட்ட ஊர்தான், அவனுக்காக எழும் ஒப்பாரியையும் நின்று கேட்கிறது. முறையாக அழுவதற்கு நேசம்கூடக் கட்டாயமில்லை.

சடங்கு இப்படி ஒரு கை கொடுக்கும்போதே இன்னொரு கையால் தள்ளவும் செய்கிறது. வட்டத்துக்குள் உட்கார்ந்து பாட முடிந்தவர்களுக்கு அது தாங்கல். முடியாதவர்களுக்கு அதுவே சோதனைக்களம். ஆனால் பழைய முறையில் அவர்களுக்கும் இடமிருந்தது. குழி வெட்டப் போகலாம், பாடை கட்டலாம், இழவு சொல்ல ஊர் ஊராகச் சைக்கிள் மிதிக்கலாம். வேலை செய்பவனை யாரும் ஏன் அழவில்லை என்று கேட்க நேரமிருக்காது. இன்று பாடை கட்டவும் ஆள் வருகிறார்கள், இழவு சொல்ல வாட்ஸ்ஆப் போதும், பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. கைக்கு வேலையில்லாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லோர் பார்வையும் படும்படி அவர் உட்கார வேண்டியிருக்கிறது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் அவர் பெயரும் படமும் இருக்கின்றன. அதில் அச்சடித்த கண்ணீரை அவர் முகத்தில் தேடுகிறார்கள்.

இன்னொரு முரணும் உண்டு. துக்கத்தைக் காட்டு என்று கேட்கும் இதே பண்பாடு அன்பை மறை என்கிறது. மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து எழுதிய நூல் 1990இல் வந்தது. தமிழர் அன்பின் இயல்புகளில் முதலாவதாக அவர் எடுத்துப் பேசுவது அடக்கம். தாய் தன் பிள்ளையை ஆசையாக உற்றுப் பார்த்தாலே கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாள். கணவன் மனைவி பிறர் முன் பெயர் சொல்வதில்லை. அப்பா மகனைப் புகழ்வது மகனுக்குத் தெரியாமல் டீக்கடையில்தான். இந்தப் பக்கத்துக் கிராமத்துத் தகப்பன் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் போனில் பேசினால் அரை நிமிடத்தில் வைத்துவிடுவார். ஆனால் மல்லாட்டை பிடுங்கியதும் முதல் மூட்டையைக் கட்டி, கண்டக்டரிடம் சொல்லிப் பஸ்ஸில் ஏற்றி, எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் இறக்குவார்கள் என்று சொல்ல மட்டும் மறுபடி போன் செய்வார். மகளுக்கு அந்த மூட்டையைப் படிக்கத் தெரியும். உயிரோடிருக்கும் காலமெல்லாம் இந்த மொழியில் பேசிப் பழகிய மனிதரிடம், சாவன்று மட்டும் வேறு மொழியில் பேசச் சொல்கிறோம்.

முகத்தைப் படித்துத் தீர்ப்பெழுதுவது வம்புப் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. 1980இல் ஆஸ்திரேலியாவில் லிண்டி சேம்பர்லினின் கைக்குழந்தையை டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போனது. தாய் தொலைக்காட்சியில் கலங்காமல் பேசியது நாட்டுக்குப் பிடிக்கவில்லை. 1982இல் கொலைக் குற்றவாளியாகி ஆயுள் தண்டனை பெற்று, 1986 வரை சிறையிலிருந்தார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. நாய்தான் காரணம் என்று இறப்பு விசாரணை அலுவலர் உறுதிசெய்தது 2012இல். தடயவியல் பிழைகளும் அந்த வழக்கில் உண்டு. ஆனால் அழாத முகம் அந்தப் பிழைகளை நம்பச் செய்தது.

நம் உச்ச நீதிமன்றம் 1983இல் ராணா பிரதாப் எதிர் ஹரியானா அரசு என்ற வழக்கில் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. கொலையை நேரில் காண்பவர்களில் ஒருவர் பேச்சற்று நின்றுவிடலாம், ஒருவர் கூச்சலிடலாம், ஒருவர் ஓடிவிடலாம், ஒருவர் எதிர்த்துப் பாயலாம். இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று விதி கிடையாது, எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பதற்காக ஒருவர் சாட்சியத்தைத் தள்ளுவது யதார்த்தத்துக்கு ஒவ்வாதது என்பது அதன் சாரம். காவல் நிலையத்து எழுத்தரிலிருந்து பஞ்சாயத்துப் பெரியவர்வரை இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வரதட்சணைக் கொடுமைப் புகாரிலும் பாலியல் புகாரிலும் "அந்தப் பொண்ணு அழவே இல்லையே" என்ற வார்த்தை முதலில் விழும் இடம் அவர்கள் முன்புதான்.

சொல்ல முடியாதது உடம்பில் போய்த் தங்குகிறது என்பது மருத்துவமனை வரிசையில் தெரியும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகட்டும், திண்டிவனம் அரசு மருத்துவமனை ஆகட்டும், புறநோயாளிகள் சொல்லும் முறையீடுகள் எவருக்கும் பழக்கமானவை: உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, வயித்துல கேஸ், ராத்திரியில் கை கால் எரிச்சல். படிப்பறிவில்லாதவர்களுக்கு மனசைப் பேசத் தெரியாது என்று இதற்கு ஒரு பழைய விளக்கம் இருந்தது. அந்த விளக்கம் போதாது. பெங்களூரில் ரகுராமும் மிட்செல் வைஸும் பிறரும் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வைச் சொன்னவர்களுக்கு அவமான பயம் கூடுதலாகவும், உடம்பு வலியைச் சொன்னவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. மனசு சரியில்லை என்றால் கல்யாணம் தட்டிப்போகும். முதுகுவலி எல்லோருக்கும் வருவது. எதைச் சொல்வது என்பதில் ஒரு விவேகம் இருக்கிறது. இயலாமையாலும் விவேகத்தாலும் வாய் மூடியவர்கள் அந்த வரிசையில் கலந்து நிற்கிறார்கள். இருவருக்கும் ஸ்கேனும் வலி மாத்திரையும் மட்டும் எழுதி அனுப்பினால், இருவருமே குணமாகாமல் அடுத்த மாதம் வருவார்கள். அலெக்ஸிதைமியா கூடுதலாக உள்ளவர்களிடம் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் கூடுதல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இழவு வீட்டில் ஆணுக்கு ஊர் அனுமதிக்கும் ஒரே வெளிப்பாடு குடி என்பதையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கவலை சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. தாத்தா செத்த அன்று ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்த பேரனைப் பற்றி உறவுக்காரர்கள் பேசுவதை அந்தத் தாய் கேட்டுக்கொண்டுதான் சமையல்கட்டில் நிற்கிறாள். 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், ஒரு கேள்வி கேட்டார்: எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு எங்களைப் புரிகிறதா? புரியாமை இருபுறமும் இருக்கிறது என்பது அவர் கோட்பாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அடையாள அட்டையும் உதவித்தொகையும் அதனால் கிடைக்கின்றன. பந்தலில் அந்தத் தாய்க்கு வேண்டிய பாதுகாப்பைச் சட்டம் தர முடியாது. பெரியவர்களில் ஒருவர், "அவன் தாத்தா நாற்காலியில யாரையும் உட்கார விடமாட்டேங்கறான், பாத்தீங்களா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால் போதும்.

சிஃப்னியோஸ் தம் நோயாளிகளிடம் குறையாகக் கண்ட ஒன்றுக்கு இங்கே திரும்ப வேண்டும். உணர்வைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் அலுப்புத் தட்டும் அளவுக்கு விவரமாகச் சொல்கிறார்கள் என்று அவர் குறித்தார். அந்த விவரங்களைக் கேட்டுப் பழகாத காது அது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டால் அதுவும் பெரும்பாலும் பட்டியல்தான். வாங்கிக் கொடுத்த பட்டு, கட்டிய வீடு, ஓட்டிய மாடு, நடந்த வழி. துக்கம் என்ற சொல் அதில் வருவதே அபூர்வம். மெட்டும் கண்ணீரும் இருப்பதால் அந்தப் பட்டியலைத் துக்கம் என்று புரிந்துகொள்கிறோம். அவை இரண்டும் இல்லாமல் ஒருவர் அதே பட்டியலைத் தட்டையான குரலில் சொன்னால் கல்நெஞ்சு என்கிறோம்.

எனவே, அசதி என்றும் நெஞ்சடைப்பு என்றும் மூன்றாம் முறையாக வந்து உட்காரும் ஒருவரிடம், மாவட்ட மனநலத் திட்டத்து ஆலோசகரோ ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரோ, வீட்டில் சமீபத்தில் யாராவது தவறிப்போனார்களா என்று கேட்பது நல்லது. "ஆமா, அம்மா. ஆறு மாசம் ஆவுது" என்பார். உடனே வருத்தமாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். அவருக்குப் பதில் தெரியாது, தெரியாததற்கு வெட்கமும் படுவார். அம்மாவுக்கு என்னவெல்லாம் பார்த்தீங்க அண்ணே என்று கேட்டால் சொல்லத் தொடங்குவார். எந்தத் தேதியில் மூச்சுத் திணறியது, எந்த ஆட்டோவில் ஏற்றினார்கள், திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கத்துக்கு 108 எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எந்த வார்டு, எத்தனையாவது படுக்கை, எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில், கடைசியாக எத்தனை கரண்டி கஞ்சி உள்ளே போனது. எல்லாம் வரிசை மாறாமல் சொல்வார். குறுக்கிடாமல் முடியும்வரை கேட்க வேண்டும்.